ஊமத்தை குடித்தவள்

மூணாறுக்கு மேலே நாங்கள் குடியிருந்த தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க் சம்சாரம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊமத்தை குடித்த அம்மா என்று கேட்டால் தொட்டில் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு குடித்தாள் என்று சொல்பவர்கள் உண்டு, கஞ்சாப் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரி வைத்த மருந்து என்று சொல்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்காது. அந்தப் பேச்சு ஒரு குடும்பத்தையே குடியிருந்த வீட்டைவிட்டு இறக்கப் பார்த்தது.

நான் பிறந்தது பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரம் பக்கம். கடலைக்காடும் எருமைகளும் உள்ள வீடு. சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. ஆஸ்துமாவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பெயர்தான் இழுப்பு, மூச்சை இழுப்பது பெரிதல்ல, இழுத்ததை வெளியே விடுவதுதான் பெரும்பாடு. ஆடாதோடைக் கஷாயம், அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை, மாசாணியம்மனுக்கு நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தாயிற்று. பெண் பார்க்க வந்தபோது அம்மா மறைக்கவில்லை. "மழ காலத்துல கொஞ்சம் மூச்சு வாங்குமுங்க, அவ்வளவுதானுங்க" என்றாள். மாப்பிள்ளைக்கு வேலை மலையில் என்பதும், அங்கே வருஷத்தில் பாதி மழைக்காலம்தான் என்பதும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கிழவியாவதற்கு இது தேவலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்காரர். நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். எஸ்டேட் மேனேஜரை எல்லோரும் துரை என்பார்கள். அந்தத் துரை எதிரே வந்தால் இவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு மழையில் நிற்பார். வேலை இன்னும் நிரந்தரமாகாதது அந்தப் பயத்துக்கு உரம் போட்டது. பீடி, வெற்றிலை, காபி ஒன்றும் கிடையாது. மலையாளமும் கிடையாது. பாலக்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவருக்கோ மலையாளம் என்றால் தமிழை மூக்கால் பேசுவது, அவ்வளவுதான். பாதிச் சொல் காதில் விழுந்தால் மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வார்.

ஒரே தகரக்கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் எஸ்டேட் லாரி டிரைவரின் குடும்பம், கோட்டயத்துக்காரர்கள். டிரைவரின் மனைவி என்னைவிட மூத்தவள். சேச்சி என்று கூப்பிடுவேன். அவளுக்கும் என் வியாதிதான். அவர்கள் அதை வலிவு என்பார்கள், பேச்சுவாக்கில் வெறும் வலி என்றும் சொல்வார்கள். பனி இறங்கும் சாயங்காலங்களில் சேச்சி பின்வாசல் படியில் உட்கார்ந்து எதையோ சுருட்டிப் பற்றவைத்து இழுப்பாள். சில இழுப்புதான். பிறகு அணைத்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, விறகு பிளக்கப் போய்விடுவாள். பீடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களுக்குப் பால் ஊற்ற வரும் பெண் கொழுந்து பறிப்பவள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வேதக்காரக் குடும்பம். அவள் ஒருநாள் காதோடு சொன்னாள்: "எக்கா, அத பீடின்னா நெனச்சிய? கஞ்சால்லா!"

கஞ்சா என்ற சொல் எனக்குப் புதிதல்ல. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் கொடுப்பதற்கு மடியில் அந்த இலை வைத்திருப்பார்கள். அது சட்டம் பிடிக்கிற சரக்கு என்பதே எனக்கு மலை ஏறிய பிறகுதான் உறைத்தது. மேலே காட்டுக்குள் செடி போடுகிறார்கள், ஜீப்பில் ஆள் போய் வெட்டுகிறார்கள், பிடிபட்டால் ஜெயில் என்று எஸ்டேட்டில் எந்நேரமும் பேச்சு. சேச்சி இழுத்தது அது அல்ல. அது காய்ந்த ஊமத்தை இலை. மலையாளத்தில் உம்மம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் எனக்கு இழுப்பு முற்றியது. காலையிலிருந்தே படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் டவுனுக்குப் போயிருந்தார். சாப்பிட வந்த வீட்டுக்காரர் என் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கால் செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

அங்கே நடந்ததைப் பிறகு இருவர் வாயாலும் கேட்டேன். சேச்சி தன்னிடமிருந்த பொடித்த சருகை ஒரு செய்தித்தாளில் மடித்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "இது வலிக்கான் உள்ளதா, கேட்டோ" என்றாள்.

இவர், "ஆமாங்க, வலிதானுங்க. நெஞ்சுல வலி" என்றார்.

"அதே, வலி தன்னெ" என்றாள் அவள்.

இருவரும் நன்றாகத் தலையாட்டிக்கொண்டார்கள். மலையாளத்தில் பீடியை வலிப்பார்கள். வலிக்கான் என்றால் புகைப்பதற்கு. எங்கள் பக்கமோ பீடியையும் குடிப்போம், சாராயத்தையும் குடிப்போம், கஷாயத்தையும் குடிப்போம். வலி என்றால் நோவு ஒன்றுதான். புகைக்கிற மருந்து என்று அவள் கொடுத்ததை வலிக்கு மருந்து என்று இவர் வாங்கிக்கொண்டு வந்தார். வலிக்கு மருந்து என்றால் காய்ச்ச வேண்டியதுதானே. சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி போட்டு, பொட்டலத்தில் பெரும்பாதியைக் கொட்டி, சுண்டக் காய்ச்சி வடிகட்டினார். கல்யாணமான நாளாக அடுப்புப் பக்கம் வராத மனுஷர் அன்றைக்கு என்ன பக்குவமாகக் காய்ச்சினார் தெரியுமா. ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தார். கசப்பு தாங்கவில்லை. மூச்சு முட்டுகிறவளுக்குக் கசப்பாவது ஒன்றாவது, மடமடவென்று குடித்துவிட்டேன்.

முதலில் வாய் காய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முகம் கொதித்தது, சன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஆனால் நெஞ்சு திறந்துகொண்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றிகெட்டவள். நாளெல்லாம் அடைத்துக் கிடந்த மூச்சு தடையில்லாமல் போய் வந்தது. "ஏனுங்க, சரியாயிருச்சுங்க" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது எங்கள் வீட்டு எருமை கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

மீனாட்சிபுரத்திலிருந்து இத்தனை மலை ஏறி அது எப்படி வந்தது என்று எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கட்டில் கால் பக்கத்தில் உட்கார்ந்து பால் கறந்தேன். புடவையிலிருந்து இல்லாத நூலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேனாம். இவரைப் பார்த்து, "செக்போஸ்ட்டுக்காரருங்களா, கூடைல அரிசி இல்லீங்க" என்று கும்பிட்டேனாம். அரிசி கடத்துகிறார்கள் என்று பஸ்ஸில் பெண்களின் கூடையையெல்லாம் கிளறிய காலம் அது. பிறகு எருமை வெளியே ஓட, நானும் அதன் பின்னால் மழையில் தேயிலைக்குள் ஓடியிருக்கிறேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள். கள்ளுக் குடித்தவனுக்குத் தான் குடித்திருக்கிறோம் என்பதாவது ஒரு மூலையில் தெரியும். ஊமத்தையில் அந்த மூலையும் கிடையாது. எருமை எருமையாகவே நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எஸ்டேட் ஜீப்பில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க என் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவள் சேச்சிதான்.

ஆஸ்பத்திரி டாக்டர் மதுரைக்காரர். என் கண்ணை விரித்துப் பார்த்ததுமே ஊமத்தை என்று சொல்லிவிட்டாராம். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். எனக்குப் புத்தி தெளிந்ததும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். திட்டவில்லை. "இந்தச் செடியில இருக்கிற மருந்தைத்தான் கண்ணு விரியறதுக்கு நாங்க சொட்டு விடறோம்மா. இதோட புகை மூச்சுக்குழலைக் கொஞ்சம் தளர்த்தும், வாஸ்தவம். அந்தக் காலத்துல டாக்டருங்களே சொன்னதுதான். ஆனா ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. இலை ஒரு மாதிரி, விதை ஒரு மாதிரி. எவ்வளவு உள்ள போகுதுன்னு யாருக்கும் தெரியாது. புகையிலயே சில பேரு புத்தி தடுமாறி வந்திருக்காங்க. காய்ச்சிக் குடிச்சா கேக்கவே வேண்டாம். நீ பொழைச்சது உன் அதிர்ஷ்டம்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். விஷம் சாப்பிட்டு வந்தவர்களைப் பற்றி ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புவது ஆஸ்பத்திரி வழக்கம். சொல்லி அனுப்பினார்கள்.

நான் வீடு திரும்பியபோது தூரத்து மலை தெரிந்தது, கையிலிருந்த அரிசியில் கல் தெரியவில்லை. கண் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் டிரைவர் கட்டிலைக் கழற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க, அவிங்க எங்க போறாங்க?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார். "துரை ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு" என்றார்.

"எதுக்குங்க?"

"உனக்குக் கஞ்சா குடுத்தாங்கன்னு பேச்சு. ஏட்டு வந்தாரு. நாளைக்கு ஆபீசுல விசாரண."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"பக்கத்து ஊட்டம்மா குடுத்தாங்கன்னு சொன்னேன். குடுத்தது அவங்கதான?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எமர்ஜென்சிக் காலம். காக்கிச் சட்டை வாசலில் நின்றாலே பாதித் தண்டனை ஆன மாதிரி. பயந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். சேச்சி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"ஞான் வலிக்கான் எந்நல்லே பறஞ்ஞது, மோளே" என்றாள். இரண்டு விரலை உதட்டில் வைத்து இழுத்துக் காட்டினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. முதலில் சிரிப்பு வந்தது, அதுதான் உண்மை. இரண்டு பாஷைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து வேடிக்கை பார்த்தது எந்தச் சாமியோ. பிறகு அவிழ்த்துப் போட்ட கட்டிலைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் விளக்கினேன். வலிக்கான் என்பதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். "நாந்தான் காச்சுனேன்னு தெரிஞ்சா வேல போயிரும் புள்ள. கேசு எம்மேல திரும்பிக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் துரையின் ஆபீசில் கூடினோம். துரை நாற்காலியில், ஏட்டு மேஜை ஓரத்தில் மிச்சப் பொட்டலத்தோடு. சேச்சியும் டிரைவரும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் கம்பவுண்டர். கம்பவுண்டர் சருகைப் பார்த்து, இது உம்மம், கஞ்சா இல்லை என்றார். துரைக்குச் சப்பென்று ஆகிவிட்டது போலிருந்தது. அப்படியானால் உம்மத்துக்கு என்ன சட்டம் என்று கேட்டார்.

ஏட்டு மலையாளி, வயதானவர், அவசரமில்லாத மனிதர். "உம்மத்தினு வகுப்பில்லா" என்றார். வகுப்பு என்றால் அவர்கள் பேச்சில் சட்டப் பிரிவு. கஞ்சாவை வைத்திருந்தாலே குற்றம்; உம்மம் தங்கள் ஸ்டேஷன் வேலியிலேயே முளைத்து நிற்கிறது, அதற்காக யாரைப் பிடிப்பது என்று சொன்னார். ஆனால் அதையே ஒருவரைக் குடிக்கவைத்தால் அது விஷம் கொடுத்ததாகும், அதற்கு வகுப்பு உண்டு, ஜெயிலும் உண்டு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்கானோ, வலிக்கானோ? எந்து பறஞ்ஞா தந்நது?"

என் வீட்டுக்காரர் இப்போதாவது பேசுவார் என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தேன். அவர் துரையின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கத்தானுங்க சொன்னாங்க. நாந்தான் வலிக்கு மருந்துன்னு தப்பா நெனச்சு, நானே காச்சிக் குடிச்சேனுங்க" என்றேன்.

ஏட்டு பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "நிங்ஙள் பாலக்காட்டுக்காரியல்லே? வலிக்கான் எந்நு பறஞ்ஞா அறியில்லே?"

அவர் சொன்னது சரிதான். வலிக்கான் தெரியாத பாலக்காட்டுக்காரி எங்கே இருக்கிறாள். "மூச்சு முட்டறப்ப எந்தப் பாஷையும் வெளங்காதுங்க" என்றேன். நின்று அடுப்பு பற்றவைக்க மூச்சு இருந்தவளுக்குக் காது மட்டும் எப்படி அடைத்தது என்று அவர் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். கண் மங்கலில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டேன். டிரைவர் வீட்டிலேயே இருக்கலாம் என்று துரை சொன்னார். என்னைப் பார்த்து, இப்படியும் ஒரு மடச்சி உண்டா என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்.

வெளியே வந்தோம். சேச்சி எனக்கு நன்றி சொல்லவில்லை, என்னைத் தாண்டிப் போய்விட்டாள். யாரிடம் எப்படிச் சொல்லிக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. கட்டில் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவள் கவனமாகச் சொல்லித்தான் கொடுத்தாள் என்பது, அதைக் கேட்டு வாங்கியவர் வாயால் வர வேண்டும் அல்லவா. நான் என்ன பொய் சொன்னாலும் அது ஈடாகாது.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியை இழுத்து என் புடவைகளை எடுத்து வைத்தேன். "ஆபீசுல உங்க வேலையக் காப்பாத்தியாச்சுங்க. சேச்சி மூஞ்சியப் பார்த்து உள்ளதச் சொல்லுங்க. சொல்லலீன்னா நாளைக்கு உடுமல பஸ்ஸுக்கு நான் கெளம்பறனுங்க" என்றேன். இழுப்புக்காரிக்கு மலை ஆகாது என்று ஊரில் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயந்தவரோடு வாழலாம், அதில் ஒன்றும் இல்லை. இன்னொருத்தி தலையில் தன் பயத்தை இறக்கிவைக்கிறவரோடு என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது.

அவர் எழுந்து குடையை எடுத்தார், கீழே வைத்தார், எடுக்காமலே போனார். பக்கத்து வாசலுக்குப் போக எதற்குக் குடை. நான் எங்கள் கதவோரம் நின்றேன்.

சேச்சி கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு எம்மேலதானுங்க" என்றார் அவர்.

"ஸாறே, ஞான் எந்தா பறஞ்ஞது?"

"வலிக்கான்னு சொன்னீங்க."

"ஆரா காச்சியது?"

"நாந்தானுங்க." கொஞ்சம் பொறுத்து, "ஏட்டுகிட்டயும் போயிச் சொல்றனுங்க. இப்பவே போறேன்" என்றார்.

"வேண்டா. மதி" என்றாள் சேச்சி. மதி என்றால் போதும் என்று அர்த்தம். இந்த ஒரு சொல் அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் திரும்பப் போனபோது அவளே கூப்பிட்டு, "அவள் கஞ்ஞி குடிச்சோ?" என்று கேட்டாள். இல்லை என்று அவர் தலையாட்டினார்.

சேச்சி உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் படி ஏறினார். என் எதிரே வந்து நின்றவர், என்ன நினைத்தாரோ, எனக்குத் தருவதற்கு முன்னால் தான் ஒரு வாய் குடித்துப் பார்க்கப் பாத்திரத்தை வாயருகே கொண்டுபோனார்.

"இப்படிக் குடுங்க" என்று பிடுங்கி, முழுவதையும் நானே குடித்தேன்.